எதிர் ஃபிளாட்டு ஜான்சி ராணி

ஒரு பிள்ளைக்கு மிகவும் பிடித்த சரித்திரத் தலைவர் யார் என்பது, எதிர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன வேஷம் என்று விசாரித்த பிறகுதான் முடிவாகும். மாறுவேட உடைகளை வாடகைக்கு விடும் எங்கள் தொழிலில் முதலில் படிக்கிற பாடம் இதுதான்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் என் கடை. நானும் சுமதியும்தான் ஆட்கள். சுமதி அனகாபுத்தூர்க்காரி. தைப்பது, துவைப்பது, மீசை ஒட்டுவது அவள் பொறுப்பு. சமாளிப்பதும் திட்டு வாங்குவதும் என் பொறுப்பு. "நாளை மறுநாள் குழந்தைகள் தமக்குப் பிடித்த வரலாற்று நாயகர் வேடத்தில் வரவும்" என்று பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்பில் செய்தி வந்து வேஷத்துக்கு அலைந்த பெற்றோர் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்த நேரத்தில் நானும்தான் அலைகிறேன். உங்களுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் வேஷம் வேண்டும். எனக்கு ஊருக்கே வேண்டும்.

குதிரை

சிட்லபாக்கத்தில் ஒரே மாடியில் எதிரெதிர் ஃபிளாட்டில் இருக்கிற இரண்டு அம்மாக்கள். முதல் அம்மா காலையிலேயே வந்து மகளுக்கு ஜான்சி ராணி செட்டைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாள், தலைப்பாகை, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அட்டைக் குதிரை எல்லாம் சேர்ந்த செட். சாயங்காலம் இரண்டாவது அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். படியேறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள், "அவங்களுக்குக் குதிரை குடுத்தீங்களாமே, லிஃப்ட்ல சொல்லிட்டுப் போறாங்க" என்றார். ஆமாம் என்றேன். "அதைவிடப் பெரிய குதிரை வேணும்." எல்லாக் குதிரையும் ஒரே அளவுதான் என்றேன். அப்படியானால் யானையில் வருகிற ராஜா யாராவது இருக்கிறாரா என்று கேட்டார். ராஜாக்கள் இருக்கிறார்கள், யானைதான் இல்லை என்று சொன்னேன்.

பையன் தன் பாட்டுக்கு சிப்ஸ் தின்றுகொண்டிருந்தவன், "எனக்குக் காந்தி தாத்தா போதும்மா" என்றான். "காந்தி வேணாம். போன வருஷம் கீழ் வீட்டுப் பையன் போட்டுட்டான்" என்று அவன் வாயை அடைத்துவிட்டு, சுவரில் தொங்கிய உடைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார் அந்த அம்மா. கடைசியில் திரும்பி, ஒரு முடிவுக்கு வந்த குரலில் கேட்டார்: "அந்த ஜான்சி ராணி யாரை எதிர்த்துச் சண்டை போட்டாங்க மேடம்? அந்த ஆளோட டிரஸ் இவனுக்குக் குடுங்க."

அசோகர் வேண்டாம்

ராதா நகரிலிருந்து ஓர் அப்பா, யு.கே.ஜி. படிக்கிற மகனோடு வந்தார். வீட்டில் மனைவிக்குப் பிரசவமாகி இரண்டு மாதம், அதனால் பள்ளிக்கூட வேலையெல்லாம் இப்போது தன் தலையில் என்றார். சாலையோரம் மரம் நட்டார் என்று ஒரு வரி சொன்னால் போதும் என்பதால் அசோகரைத் தேர்ந்தெடுத்திருந்தார். சுமதி கிரீடத்தை எடுத்து வந்ததும் பையன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். மேலங்கியைக் காட்டினோம், அழுதான். அப்பா மண்டியிட்டு, அசோகர் எவ்வளவு நல்லவர், மனசு மாறி யுத்தமே வேண்டாம் என்று விட்டவர் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். "எனக்கு அசோகரைப் பிடிக்காது" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னான் பையன்.

சுமதி அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், "இன்னா கண்ணு, அவரு உன்னிய இன்னா பண்ணாரு?" என்று கேட்டாள். அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அவன் சொன்னான்: "எங்க வூட்ல ஒரு அசோக் பாப்பா இருக்கு. அது வந்ததுலேர்ந்து அம்மா என் பக்கத்துல படுக்கறதே இல்ல."

மும்தாஜின் உறவுக்காரர்

பெருங்களத்தூரில் இருக்கிற ஒரு கணவனும் மனைவியும். கணவருக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை. அலுவலகத்தில் ஏதோ விழா, சரித்திர ஜோடிகளாக வர வேண்டுமாம். ஷாஜகான் உடை வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தார். வந்து போட்டும் பார்த்தார், பொருத்தமாகவே இருந்தது. கையில் ஒரு துணி ரோஜாவைக் கொடுத்து நிற்கச் சொன்னேன். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தார். எடுத்துக்கொண்டே, "மும்தாஜ் யாரு?" என்று கேட்டார். "டீம்ல ஒரு பொண்ணு. குலுக்கல்ல வந்த பேரு" என்றார் கணவர். "எந்தப் பொண்ணு?" பேரைச் சொன்னார். போட்டோ எடுத்த கை இறங்கிவிட்டது. "தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து, உங்களுக்கு மட்டும் முறுக்கை எடுத்துக் குடுத்தாளே, அவளா?"

அவர் முறுக்கைப் பற்றி விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். எனக்கே அது நல்ல யோசனையாகப் படவில்லை. மனைவி அதைக் காதில் வாங்காமல் என் பக்கம் திரும்பி, ஷாஜகானுக்கும் மும்தாஜுக்கும் குழந்தைகள் உண்டா என்று விசாரித்தார். நிறைய உண்டு, ஔரங்கசீப் அவர்கள் பிள்ளைதான் என்றேன். "அப்பாவைக் கோட்டையில அடைச்சு வெச்சாரே, அவரா?" அவரேதான் என்றேன். அந்த உடை இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கணவர், குலுக்கலை மாற்ற முடியாது, தனக்கு அந்த ஔரங்கசீப்பையே பிடிக்காது, எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். மனைவி அவர் கையிலிருந்த ரோஜாவை வாங்கி என் மேஜைமேல் வைத்தார். "ஷாஜகானை யாரு வேணா போட்டுக்கட்டும். இவரு போய் அந்தப் பொண்ணுக்குப் புள்ளையா நின்னுட்டு வரட்டும்."

துரை

சேலையூர் பக்கம் ஒரு பழைய கிராமத்துக் குடும்பம். முன்பு ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர்கள். நிலமெல்லாம் மனையாகி, இப்போது ஹார்டுவேர் கடையும் வாடகை வீடுகளுமாக வசதியாக இருக்கிறார்கள். அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. பொங்கலுக்கு அவர்கள் தெருவில் நாடகம் உண்டு. எப்போதும் கட்டபொம்மன் கதைதான், எப்போதும் அண்ணன்தான் கட்டபொம்மன். உடைகளை எடுத்துப் போக வருகிறவர் தம்பி.

இந்தப் பொங்கலுக்கு முன்னால் வந்தபோது, "அளவு சரியா இருக்கான்னு பார்த்துடறேம்மா" என்று சொல்லி அண்ணனின் உடையைத் தானே மாட்டிக்கொண்டார். கடைசிப் பித்தான் வரைக்கும் போட்டார். தலைப்பாகை வைத்தார். மீசையையும் கேட்டு வாங்கி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று, உதடு மட்டும் அசைய வசனம் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் பார்க்காத மாதிரி துணி மடித்துக்கொண்டிருந்தோம். அப்போது அவர் போன் அடித்தது. அண்ணன். "எனக்கு சரியா இருக்குண்ணா. உங்களுக்குத்தான் கொஞ்சம் இறுக்கும்னு தோணுது" என்றார். அண்ணன் என்ன சொன்னாரோ, "சரிண்ணா, பிரிச்சுத் தைக்கச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

உடையைக் கழற்றி ஒழுங்காக மடித்துக் கொடுத்தார். ஒரு வருஷம் நான் போடுகிறேன் என்று நீங்கள் கேட்டால் என்ன சார் என்று எனக்கு வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். கேட்டதில்லை, அண்ணன் ஆசையாகப் போடுகிறார், எப்படிக் கேட்பது என்றார். பிறகு தனக்கான வெள்ளைக்கார துரை உடையையும் வெள்ளை விக்கையும் வாங்கிப் பையில் வைத்தபடி சொன்னார்: "கைதட்டு அவருக்கு, மாலை அவருக்கு, எங்க வீட்டு மருமகள்கள்கூட அவரைத்தான் வீடியோ எடுக்குதுங்க. ஆனா கடைசி சீன்ல எங்க அண்ணனைத் தூக்குல போடுன்னு சொல்றவன் நான்தாம்மா. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த விக்கைப் போட்டுக்கறேன்."

பளபளப்பு

கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து தாம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டு வருகிற பெண் ஒருவர், வியாபாரம் முடிந்த கையோடு கடைக்கு வந்தார். அவர் மகள் ஏழாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ராஜேந்திர சோழன் கடல் கடந்து போன கதையை நாடகமாகப் போடுகிறார்கள். மகளுக்கு ராஜேந்திரன் என்றால் உயிர். ஒரு மாசமாக வீட்டில் தலையணை உறையைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜா நடை நடந்தாளாம். கடைசியில் ராஜா வேஷம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. இவளுக்குப் படகு தள்ளுகிற வேஷம். 'உனக்குத்தான் கடல் பழக்கமாச்சே' என்று டீச்சர் நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார். பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

நான் படகோட்டிக்கான கோடு போட்ட லுங்கியையும் முண்டாசுத் துணியையும் எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. ராஜா வேஷத்துக்கு அந்த இன்னொரு பெண் இங்கே எடுத்தாளா, என்ன எடுத்தாள் என்று கேட்டார். சுமதி காட்டினாள். சிவப்புப் பட்டு, ஜரிகை. அந்தப் பட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "இதவிட மினுக்குறதா ஒண்ணு குடுக்கா" என்றார். டீச்சர் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று இழுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே எழுந்து போய், மேல் தட்டிலிருந்த மயில் கழுத்து நிறப் பட்டை இறக்கினேன். "வேஷம் அவங்க குடுத்தாங்கோ, வாங்கிக்கினோம். படகு தள்றவ பட்டு கட்டக் கூடாதுன்னு எந்த புக்குல கீது, காட்டச் சொல்லு."

மங்கம்மாள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சானடோரியம் பக்கம் நிர்மலா என்பவர் இதே தொழிலில் ஒரு கடை திறந்தார். கண்ணாடிக் கதவு, ஏ.சி., போட்டோ எடுக்கத் தனி மூலை. அதெல்லாம்கூட எனக்குப் பொறுக்கும். அவர் வைத்திருக்கும் நகை செட்டுகள்தான் பொறுக்கவில்லை. கல் ஒவ்வொன்றும் நிஜம் மாதிரி ஜொலிக்கும். என்னுடையவை அட்டையும் ஜிகினாவும். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் எதிர் ஜன்னல் பக்கம்தான் உட்காருவேன். "வுடுக்கா, அதெல்லாம் கனம், புள்ளைங்க இடுப்புல நிக்காது" என்று சுமதி ஆறுதல் சொல்வாள். அது போதாது என்று அவளுக்கும் தெரியும்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் யாழினி, பிடித்த வரலாற்று ஆளுமையாக ராணி மங்கம்மாளைத் தேர்ந்தெடுத்துப் பேசப் போவதாகச் சொன்னாள். உடை பள்ளியிலேயே தருகிறார்கள் என்றாள், நானும் நம்பினேன். அன்று மதியம் வகுப்பு குரூப்பில் போட்டோ வந்தது. முகத்துக்கு முன்னால் இடுப்பில் ஜொலித்த ஒட்டியாணத்தைத்தான் பார்த்தேன். அந்த ஒட்டியாணம் தென் சென்னையில் ஒரே ஒரு கடையில்தான் இருக்கிறது. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை. "நம்ம கடையில எந்த டிரஸ் எடுத்தாலும், முன்னாடி அதை யாரு போட்டாங்கன்னு எனக்குத் தெரியும்மா. ஒரு நாளைக்காவது யாருன்னு தெரியாத டிரஸ்ஸைப் போடணும்னு இருந்துச்சு" என்றாள். நியாயம்தான். ஆனாலும் ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தட்டில் ரசத்தை நான் கொஞ்சம் வேகமாகத்தான் ஊற்றினேன்.

திருப்பிக் கொடுக்க நானே போனேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். நிர்மலா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். என் மகள் எந்தக் கடைக்காரி மகள் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. என்னைக் கேலி செய்யப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவரோ ஒட்டியாணத்தை வாங்கி வைத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எங்க கடைத் தாடியெல்லாம் மேடையிலேயே விழுந்துடுது, உங்களுது விழறதே இல்லன்னு எல்லா டீச்சரும் சொல்றாங்க. எந்தப் பசைன்னு உங்க பொண்ணுகிட்ட எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னுட்டா."

இந்தத் தொழிலில் இறங்கியதிலிருந்து கிரீடம், வாள், தாடி, குதிரை என்று எல்லாவற்றையும் வாடகைக்கு விட்டுவிட்டேன்; பொறாமையை மட்டும் எல்லோரும் வீட்டிலிருந்து சொந்தமாகவே கொண்டு வந்துவிடுகிறார்கள், நான் உட்பட.