முத்திரை இல்லாத கவர்

1. சாக்கடையில் கிடந்தது

என் கையெழுத்து போட்ட மருந்துக் கவர் ஒன்று ஒரு நாள் காலையில் எனக்கே திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் வாசலில் நிற்கும் வார்டர் மாணிக்கம்.

"ஏனுங்கம்மா, இது உங்குளுதுதானுங்களா? ரோட்டுக்கு அந்தாண்ட, வேப்பமரத்தடிச் சாக்கடைல கெடந்துச்சுங்க."

வாங்கிப் பார்த்தேன். முந்தின நாள் விடுதலையான ஒருவருக்கு நான் கட்டிக் கொடுத்த வலிப்பு மாத்திரை. ஒரு மாதத்துக்கானது. பிரிக்கவே இல்லை. கவரின் மேல் என் முத்திரை மட்டும் ஊதா மசியில் பளிச்சென்று இருந்தது.

கோவைப் பக்கம் ஒரு சிறை மருத்துவமனையில் பத்தொன்பது வருடம் பார்மசிஸ்டாக இருந்தேன். 'சிறை மருத்துவமனை, மருந்தகம்' என்ற அந்த முத்திரையை ஆசைப்பட்டுச் செய்து வைத்தவள் நான்தான். வெளியே போகிறவர் எந்த ஊரில் எந்த டாக்டரிடம் காட்டினாலும், எங்கே வைத்தியம் பார்த்தார் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம். கவரில், சீட்டில், மாத்திரை அட்டையைச் சுற்றிய தாளில், எல்லாவற்றிலும் குத்துவேன்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். "பாருங்க மாணிக்கம், உள்ள இருக்கற வரைக்கும் தலைவலிக்குக்கூட நம்மளப் பாடாப் படுத்துவாங்க. வெளிய போனதும் திமிரு!" என்று கத்தினேன். மாணிக்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் விடவில்லை. மருந்தின் மதிப்பு தெரியாததால்தான் வீசுகிறார்கள் என்று நானே முடிவு செய்து, அன்றிலிருந்து ஒரு முத்திரை குத்திய இடத்தில் மூன்று குத்த ஆரம்பித்தேன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

2. கத்திரிக்காய்க்குச் சர்க்கரை

சிறையில் என் நாள் விடிகாலை ஊசி வரிசையோடு தொடங்கும். சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டியவர்கள் வரிசையில் நிற்பார்கள். சமையல் கட்டிலிருந்து கோதுமை உப்புமா வாசனை வரும். ஒருவரை ஒருவர் சர்க்கரை அளவைச் சொல்லிக் கிண்டல் செய்துகொள்வார்கள். இன்றைக்கும் யார் வீட்டிலாவது கோதுமை உப்புமா கிளறினால் அந்த வரிசைதான் கண்முன் வந்து நிற்கிறது. அங்கே போய் அப்படி என்ன சந்தோஷம் என்று கேட்பார்கள். எனக்கு இருந்தது. அதை மறைத்து என்ன செய்ய?

அந்த வரிசையின் முதல் ஆள் பழனிச்சாமி. பல்லடம் பக்கம் தறி ஓட்டியவர். பங்காளியோடு வரப்புத் தகராறு, கை நீட்டிவிட்டார், தண்டனை. வெளியே இருந்தவரை ஆஸ்பத்திரிப் படியை மிதித்ததே இல்லை. உள்ளே வந்து எடுத்த முதல் பரிசோதனையில்தான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. காலையில் இருபது யூனிட், சாயங்காலம் பத்து என்று ஊசி போட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, நாலு வருடத்தில் ஆள் தேறிவிட்டார்.

விடுதலைக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த மனிதருக்குத் தானாக ஊசி போடத் தெரியாது. உள்ளே கைதி கையில் ஊசியைக் கொடுக்க மாட்டோம். ஜெயிலரிடம் அனுமதி வாங்கி, சமையல் கட்டிலிருந்து ஒரு கத்திரிக்காயை வரவழைத்து, ஊசியில் தண்ணீரை ஏற்றிக் கொடுத்தேன். மாணிக்கம் பக்கத்தில் காவல் நின்றார்.

பழனிச்சாமி ஊசியைக் காயில் குத்தினார். "ஏனுங்கம்மணி, கத்திரிக்காய்க்கே சக்கர வந்துருச்சுங்களா?" என்றார். மாணிக்கத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எனக்கும்தான்.

விடுதலை அன்று இன்சுலின் புட்டிகளை ஐஸ் வைத்த டப்பாவில் போட்டேன். ஊசிகள், மாத்திரை, அளவு எழுதிய சீட்டு எல்லாம் வைத்து ஒரே கவராகக் கட்டினேன். ஐந்து இடத்தில் முத்திரை. "ஒரு வேளைகூட விடக் கூடாது. காலுக்குச் செருப்பு இல்லாம தறிக்கிட்ட நிக்கக் கூடாது. பக்கத்து ஆஸ்பத்திரில இந்தச் சீட்டைக் காட்டணும். புரியுதுங்களா?"

"ஆகட்டுங்கம்மணி" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

எங்கள் ஊர் மரியாதையில் 'ஆகட்டுங்க' என்றால் சரி என்றும் அர்த்தம். இப்போதைக்குப் பேச்சை விடுங்கள் என்றும் அர்த்தம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அன்று அது தோன்றவில்லை.

3. "எங்கயும் பாக்கலீங்க"

ஏழெட்டு மாதம் கழித்து, மருந்து கேட்டு அனுப்பும் இன்டெண்ட் பட்டியல் விஷயமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அறுவை சிகிச்சை வார்டைத் தாண்டும்போது சக்கர நாற்காலியில் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பழனிச்சாமி. வலது பாதம் முழுக்கக் கட்டு. வாடை மூக்கில் அடித்தது. பக்கத்தில் அவர் மனைவி ருக்குமணி.

"நான் குடுத்த மருந்தெல்லாம் எங்கீங்க போச்சு?" என்றேன். வார்டு என்றும் பார்க்காமல் குரல் உயர்ந்துவிட்டது.

ருக்குமணிதான் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அவுரத் திட்டாதீங்கம்மணி. நாந்தானுங்க வீசச் சொன்னேன். அங்கிருந்து ஒரு துரும்பு ஊட்டுக்குள்ள வந்தாலும் ஆள மறுக்காக் கூட்டீட்டுப் போயிருமுன்னு சொல்லுவாங்கல்லொ? போட்டிருந்த துணியவே மரத்தடில கழட்டிப் போட்டுட்டு, புது வேட்டி கட்டித்தானுங்க பஸ் ஏத்துனேன். உங்க கவுருல அஞ்சு எடத்துல அந்தப் பேரு இருந்துச்சுங்க. எப்புடிங்க ஊட்டுக்குக் கொண்டு போவேன்?"

அன்று மாணிக்கம் சொல்ல வந்ததும் இதுதான் என்பது அப்போதுதான் புரிந்தது.

மீதியையும் ருக்குமணியே சொன்னார். ஊரில் உடம்பு தளர்ந்தபோது பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். நர்ஸ், "இதுக்கு முன்னாடி எங்க பாத்தீங்க?" என்று வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டிருக்கிறார். வரிசையில் முன்னும் பின்னும் சொந்த ஊர்க்காரர்கள். "எங்கயும் பாக்கலீங்க" என்று சொல்லிவிட்டார் பழனிச்சாமி. புது நோயாளி என்று எழுதி, புது நோயாளிக்குக் கொடுக்கிற மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? இன்சுலின் நின்றுபோனது. தறிப் பட்டறையில் காலில் ஏதோ குத்தியிருக்கிறது. அவருக்கு உணர்ச்சியே தெரியவில்லை.

அந்த நேரம் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். சின்ன வயசு, பொறுமைசாலி. "சக்கர நானூறுக்குக் கொறயவே மாட்டேங்குது. சீக்கிரம் எறங்குனா வெரலோட போகும். இல்லைன்னா முட்டிக்குக் கீழ எடுக்கற மாதிரி வரும். முன்னாடி இன்சுலின் போட்டிருக்கீங்களா? ஞாபகப்படுத்திச் சொல்லுங்க" என்றார்.

பழனிச்சாமி தரையைப் பார்த்தார். "இல்லீங்க."

பக்கத்துக் கட்டில்காரர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் குனிந்தபோது பழனிச்சாமி என் காதில் சொன்னார்: "அம்மணி, அந்த எடத்துப் பேரு மட்டும் வேண்டாமுங்க. புள்ளைக்கு மாப்பிள பாத்துட்டிருக்கறமுங்க."

பேனாவுக்காகக் கைப்பையைத் திறந்தேன். இன்டெண்டில் குத்துவதற்காகக் கொண்டுவந்த முத்திரைதான் முதலில் கையில் தட்டுப்பட்டது. அதை அப்படியே அடியில் தள்ளினேன். ஒரு வெள்ளைத் தாளைக் கிழித்து எழுதினேன். நாலு வருடமாக இன்சுலின், காலை இருபது, மாலை பத்து, சர்க்கரை கட்டுக்குள் இருந்தது, ஒவ்வாமை எதுவும் இல்லை. கீழே என் பெயர், பார்மசிஸ்ட் பதிவு எண், போன் நம்பர். இத்தனை வருட சர்வீஸில் முத்திரை இல்லாமல் நான் கொடுத்த முதல் சீட்டு அது.

டாக்டர் படித்துவிட்டு, "எந்த ஆஸ்பத்திரிங்க மேடம்?" என்று கேட்டார்.

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிதானுங்க டாக்டர்."

அவர் என்னைப் பார்த்தார். நாற்காலியில் குனிந்திருந்தவரைப் பார்த்தார். கேஸ் ஷீட்டைத் திறந்து, 'புதிது' என்று இருந்ததை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

பழனிச்சாமிக்கு இரண்டு விரல் போயிற்று. பாதம் தப்பியது. அந்த இரண்டு விரலில் என் பங்கும் உண்டு என்பதை யார் சமாதானம் சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன்.

4. ரோட்டுக்கு அந்தப் பக்கம்

மறுநாளே ஜெயிலர் முன் போய் நின்றேன். மருந்துக் கவரைச் சிறைக்குள்ளே வைத்துக் கொடுக்க மாட்டேன், வெளியே வந்து வீட்டு ஆட்கள் கையில் கொடுக்கிறேன் என்றேன்.

"ஏனுங்கம்மா, கேட்டுக்கு அந்தப் பக்கம் நமக்கென்னங்க வேல?"

"இந்தப் பக்கம் குடுத்தா அது சாக்கடைக்குப் போகுதுங்க சார்."

"ரிஜிஸ்டர்ல கையெழுத்து?"

"உள்ளயே வாங்கிப்போடறனுங்க. கவுரு மட்டும் வெளிய."

தலையைச் சொறிந்தார், சிரித்தார். "உங்ககிட்டப் பேசி யாரு ஜெயிக்கறதுங்க? செஞ்சு பாருங்க" என்றார்.

அன்றிலிருந்து கவர் வெறும் காக்கிக் கவர். சீட்டு வெள்ளைத் தாள். யாராவது விடுதலையானால் நானும் அவர் பின்னாலேயே ரோட்டைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போவேன். புதுத் துணி மாற்றி முடியும்வரை தள்ளி நிற்பேன். பிறகு அவர் வீட்டுப் பெண்ணிடம், "இது அங்கத்த மருந்து இல்லீங்க, உங்க ஊட்டு மருந்து. உங்க பையிலயே வைங்க" என்பேன். சீட்டை யார் கேட்டாலும் காட்டலாம், அதில் இடத்தின் பெயர் இல்லை என்பதையும் சொல்வேன். மஞ்சப்பை வாய் திறக்கும். இட்லிப் பொட்டலத்துக்கும் திருநீற்றுப் பொட்டலத்துக்கும் நடுவில் என் கவர் போய் உட்காரும். அங்கிருந்து எதுவும் வீட்டுக்கு வரக் கூடாது என்ற அந்த நம்பிக்கை சரியா தவறா என்று நான் யாரிடமும் வாதாடியதில்லை.

எல்லோரும் தொடர்ந்து சாப்பிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ருக்குமணி மட்டும் எப்போதாவது போன் செய்வார். "இன்னைக்கி சக்கர நூத்தி நாப்பதுங்கம்மணி. நல்லாருக்காருங்க. செருப்புப் போட்டுத்தான் தறிக்குப் போறாருங்க." அந்த நாலு வார்த்தைக்கு எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம் தாங்காது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு, சிறை மருத்துவமனையில் எதைக் கற்றுக்கொண்டீர்கள் என்று. கொடுத்ததோடு நம் வேலை முடியவில்லை, அந்த மருந்து அவர்கள் வீட்டு வாசப்படியைத் தாண்டுகிற மாதிரி கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரிய ஒருவர் இரண்டு விரலை இழக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு வேண்டாம்.

போன வருடம் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் முத்திரையை மேசை டிராயரில் வைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். உள்ளே போகும்போது வாசலில் ஒப்படைத்திருந்த என் போனை மாணிக்கம் எடுத்துக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் கிண்டலை விடவில்லை. "திரும்பிப் பாக்காமப் போங்கம்மா. பாத்தா மறுக்கா வர வேண்டியதாயிருமுங்க."

ரோட்டைத் தாண்டினேன். வேப்பமரத்தடியில் நின்று நன்றாகவே திரும்பிப் பார்த்தேன். பிறகு குனிந்து சாக்கடையைப் பார்த்தேன். வேப்பஞ் சருகுதான் கிடந்தது. ஒரு கவர்கூட இல்லை.