மாமியாரின் கண்ணும் என் முனகலும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஓசூரில் நான் பள்ளி ஆசிரியனாக இருந்தபோது, எனக்கும் என் மாமியாருக்கும் ஒரே நோய் வந்தது. கண்ணுக்குள் நீரழுத்தம் கூடி, சத்தமில்லாமல் பார்வையைத் தின்னும் நோய். மாமியாருக்கு இடக்கண் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மிஞ்சிய வலக்கண்ணையாவது காப்பாற்ற வேண்டும் என்று சூளகிரிப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார்.

பெங்களூர் மருத்துவர் இருவருக்கும் ஒரே சொட்டு மருந்தைத்தான் கொடுத்தார். என் மனைவி முதலில் எனக்கு விட்டுவிட்டு, பிறகு உள்ளறைக்குப் போய்த் தன் தாய்க்கு விடுவாள். மருமகன் எதிரில் மாமியார் வருவதோ, அவன் காதுபடப் பேசுவதோ அவர்கள் வழக்கத்தில் இல்லை.

சொட்டு விழுந்ததும் புருவத்துக்கு மேல் ஆணி இறங்குவதுபோல் வலிக்கும். கண்ணின் பாவை கடுகாகச் சுருங்கி, பட்டப்பகலே அந்தியாகிவிடும். தெருவில் போகிறவர்கள் நின்று விசாரிக்கும் அளவுக்கு நான் முனகுவேன். உள்ளறையிலிருந்து மூச்சுக்கூட வராது.

பட்டம் பெற்றவன் இதைச் சும்மா விடலாமா? மருந்து என்னிடம் வேலை செய்கிறது, மாமியாரிடம் செய்யவில்லை என்று தீர்மானித்தேன். விளைவுகளை எடைபோட்டேன். பலிக்காத மருந்தை நம்பியிருந்தால் இருக்கும் ஒரு கண்ணும் போய்விடும். ஆகவே அறுவைச் சிகிச்சையே வழி.

"அம்மா பயப்படுதுங்க" என்றாள் மனைவி.

"கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு சொல்லு. இதுக்குப் போயி பயந்தா எப்படி?" உள்ளறைக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

மூவரும் பெங்களூருக்கு பஸ் ஏறினோம். என் கண்டுபிடிப்பை மருத்துவரிடம் விரிவாக எடுத்துரைத்தேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சிறு கருவியொன்றை எங்கள் கண்கள்மேல் வைத்து அழுத்தம் பார்த்துவிட்டு, மாமியாரிடம், "மருந்து விட்டா தலை வலிக்குதாம்மா?" என்றார். மாமியார் மகளின் காதில் ஏதோ சொன்னார்.

"பொளக்குதாம் சார். பொழுது சாஞ்சா அடுப்புல எரியற நெருப்புகூட மங்கலாத்தான் தெரியுதாம்."

"இதை ஏன் இவ்வளவு நாளாச் சொல்லலை?" என்று மனைவியைக் கேட்டேன்.

மறுபடியும் காதோடு பேச்சு. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாப்பிள்ளை காதுல விழற மாதிரி எப்பிடி முனகறதுன்னு கேக்குது. அப்பிடியே முனகுனாலும், நீங்க போடற சத்தத்துல யாருக்குக் கேக்கப்போவுதாம்?" என்றாள்.

மருத்துவர் என் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்கு அழுத்தம் நல்லா எறங்கியிருக்கு. மருந்தை நிறுத்தவே கூடாது. உங்களுக்குத்தான் எறங்கலை. வலிக்கிறது வேற, மருந்து கேக்கிறது வேற சார். ஒரே சொட்டு ஒவ்வொரு கண்ணுல ஒவ்வொரு மாதிரி. உங்களுக்கு ஆபரேஷன் பண்ணிடலாம்."

வலிக்குமா, மயக்க மருந்து உண்டா, சொட்டைக் கூட்டிப் பார்த்தால் என்ன, கோடை விடுமுறை வரை தள்ளலாமா என்றெல்லாம் கேட்டேன். விளைவுகளை அவ்வளவு நுட்பமாக நான் அதற்கு முன் எடைபோட்டதில்லை.

அப்போது மனைவியின் தோளுக்குப் பின்னாலிருந்து, கல்யாணமான நாள் முதல் நான் கேட்டிராத ஒரு குரல் நேராக என்னிடம் வந்தது.

"கொசு கடிச்ச மாதிரிதானுங்க, மாப்பிள்ளை."

ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டேன். அது கொசுக்கடி இல்லை. ஆனால் சிகிச்சை முடிந்து நான் படுத்திருந்தபோது மாமியார் வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு முனகாமல் கிடந்தேன்.