ஹன்னா ஆன்ட்டி கேட்காத முத்திரை

ஞாயிறு காலை சாலமன் அங்கிள் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம்." அவர்கள் யூதர்கள்; சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், தொலைபேசியைத் தொடமாட்டார்கள். ஒரு நாள் முழுக்க அந்தச் செய்தியோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

கல்கத்தா தமிழர்களில் ஹன்னா ஆன்ட்டியின் கைப்பக்குவம் அறியாதவர்கள் குறைவு. பௌபஜார் சந்தில் தம்பி சாலமன் அங்கிளோடு அவர் நடத்திய யூத பேக்கரியிலிருந்துதான் நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவுக்குச் சீஸ் சமோசா வரும். முதலில் மூக்கைச் சுளித்த மாமிகள் மூன்றாவது சமோசாவுக்குக் கை நீட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

கரியாஹாட்டில் நான் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த காலம். யூதக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வெளிநாடு போய்விட, பேக்கரிக்கு வாடிக்கை சுருங்கிவிட்டது. கோஷர், அதாவது அவர்கள் மத விதிப்படியான உணவு, எங்கே கிடைக்கும் என்று வெளிநாட்டுப் பயணிகள் இணையத்தில் தேடுகிறார்களாம். "நம்ம கடைக்கும் இணையத்துல ஒரு பக்கம் போடேன்" என்றார் அங்கிள்.

படம் எடுக்கப் போனேன். ஆன்ட்டி ஒவ்வொரு முட்டையையும் கண்ணாடித் தம்ளரில் உடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். துளி ரத்தம் தெரிந்தாலும் விதிப்படி ஆகாது, முட்டை சாக்கடைக்கு. "யார் ஆன்ட்டி இதையெல்லாம் பார்க்கப் போறாங்க?" என்றேன். "நான் பார்க்கறேனே, பாபா" என்றார், இந்தியும் வங்காளமும் கலந்த அவருடைய பேச்சில்.

பக்கம் தயாரானபோது வெறிச்சென்று இருந்தது. வெளிநாட்டு பேக்கரிகளின் பக்கங்களில் வட்டமாக ஒரு முத்திரை இருந்தது. பிஸ்கட் பாக்கெட்டில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி வரத் தொடங்கியிருந்த சமயம். இதுவும் அப்படித்தான், விதிப்படி செய்கிறவர்கள் யாரும் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டேன். எடுத்து ஒட்டினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. அங்கிள் கண்ணாடி போடாமலே பார்த்துவிட்டு "ஜோர்" என்றார்.

சில மாதங்களில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி அந்தப் பக்கத்தை அச்சடித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்கள். வந்திருந்த மின்னஞ்சல்களைக் கொடுக்க நானும் போயிருந்தேன். இந்த முத்திரை ஒரு சபையுடையது, அவர்கள் சோதித்துச் சான்று கொடுத்த கடைகள்தான் போடலாம், அந்தச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றார் கணவர். எந்தச் சபை என்றுகூட ஆன்ட்டிக்குத் தெரியவில்லை. காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். "இது எங்களோடது இல்ல. ஆனா நாங்க விதி தப்பினதில்ல. உள்ளே வந்து சமையலறையைப் பாருங்க." கணவர் உள்ளே போகவில்லை. எடுத்த ரொட்டியை மேஜையிலேயே வைத்துவிட்டு இறங்கினார்.

"ஆயுசு பூரா செஞ்சதை அந்த மனுஷன் பொய்யின்னு நினைச்சுட்டுப் போறார்" என்றார் ஆன்ட்டி. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அன்றே முத்திரையை எடுத்தேன். அதற்குள் இரண்டு மூன்று பயணத் தளங்கள் பக்கத்தை அப்படியே நகலெடுத்திருந்தன. முத்திரையை எடுக்கச் சொல்லி அவர்களுக்கு எழுதினேன், எழுதிக்கொண்டே இருந்தேன். பதில் இல்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் "எடுத்துட்டாங்களா?" என்பார் ஆன்ட்டி. "எடுத்துடுவாங்க ஆன்ட்டி" என்பேன். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டார். ரொட்டி கட்டிக் கொடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் தேவலை என்று பட்டது.

கதை நம் சங்கத்துக்கும் வந்தது. "அந்தம்மா போலி முத்திரை போட்டு வித்தாங்களாமே" என்று சிலர் பேசினீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் காபி குடித்தேன். அந்தக் கோழைத்தனத்துக்கு என்னிடம் சமாதானம் கிடையாது.

போன வாரம் அந்தத் தளங்களுக்கு மறுபடியும் எழுதினேன். உரிமையாளர் இறந்துவிட்டார், முத்திரை பொய், எடுத்துவிடுங்கள் என்று. ஒன்றிலிருந்து மட்டும், முதல் முறையாக, இயந்திரப் பதில் வந்தது. திருத்தம் வேண்டுமென்றால் உரிமையாளர்தான் கேட்க வேண்டுமாம்.

அன்று அந்த வெளிநாட்டுக்காரர் காகிதத்தைத் தட்டித் தட்டி, "அப்படியானால் இதை ஒட்டியது யார்?" என்று ஆன்ட்டியைக் கேட்டார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். ஆன்ட்டி என் பக்கம் திரும்பவேயில்லை. "என் கடை, என் தப்பு" என்றார். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தத் திரும்பாத முகம்தான்.