மாதத்துக்கு முப்பது பௌர்ணமி

என் மகளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. தலைக்குள் ஒரு கருவி வைத்தால் கேட்கும், ஆறு வயது முடிவதற்குள் வைத்தாக வேண்டும் என்றார் டாக்டர். அப்போது அவளுக்கு ஐந்தரை.

காப்பீட்டு அட்டை இருந்தால் சர்க்கார் செலவிலேயே நடக்கும். அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். நான் ஏழை என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அது செல்லாதாம்.

மனு போட்டேன். விஏஓ விசாரிக்க வருவார் என்றார்கள். இருபது நாள் வரவில்லை. பௌர்ணமி அன்று சாயங்காலம் வந்தார். அவருக்கு அன்று கிரிவலப் பாதையில் கூட்டம் பார்க்கும் டூட்டி. அப்படியே என்னையும் பார்த்துவிடலாம் என்று எங்கள் ஊரான அடி அண்ணாமலைக்கு நடந்து வந்திருந்தார்.

மாதத்தில் அந்த ஒரு நாள் பாதையோரம் சுக்குக் காபி விற்பேன். மற்ற நாளில் கொத்தனாரிடம் கலவை சுமப்பேன், வேலை இருந்தால். அவர் வந்தபோது என்னைச் சுற்றி ஐம்பது பேர் நின்றார்கள்.

"இன்னாய்யா, ஏழைன்னு எழுதிக் குடுத்துட்டு ஓட்டல் நடத்துற?"

"இன்னைக்குப் பௌர்ணமி சார்."

"ஒரு நாளைக்கே இவ்ளோ ஓடுதுன்னா மாசத்துக்கு?"

"மாசத்துக்கும் இவ்ளோதான் சார்."

அவர் நம்பவில்லை. போனை எடுத்து முப்பதால் பெருக்கினார். வீட்டுக்காரி டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஏன் சார், உங்க ஆபீஸ்ல மாசத்துக்கு முப்பது பௌர்ணமியா? எங்களுக்கு ஒண்ணுதான் வருது."

அவர் பெருக்கி வந்த தொகையைக் குறித்துக்கொண்டார். ரெண்டு டம்ளர் காபி குடித்தார். காசு தரவில்லை. என் வருமானம் இன்னும் ஏறிவிடப் போகிறதே என்று நினைத்திருப்பார்.

மனு திரும்பி வந்தது. வருமானம் ஜாஸ்தியாம். பணக்காரன் ஆன மறுநாளும் கலவை சுமக்கப் போனேன். பழக்க தோஷம்.

மகளுக்கு ஆறு வயதாக மூன்று மாதம்தான் இருந்தது. மறுபடியும் மனு போட்டேன். கூலியை விட்டுவிட்டு விஏஓ ஆபீஸ் வாசலில் ரெண்டு நாள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் அவரே சலித்துப்போய், "வாய்யா, உன் கடையப் பாத்துட்டு வந்துடலாம்" என்று வண்டியை எடுத்தார்.

கடை இருந்த இடத்தில் மூன்று கல் இருந்தது. நடுவில் ஒரு நாய் படுத்திருந்தது.

"கடை எங்கய்யா?"

"இதான் சார்."

"காபி?"

"பௌர்ணமிக்கு வாங்க சார்."

நாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி, போ. அனுப்பிடறேன்" என்றார். அனுப்பினார்.

சான்றோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனோம், அட்டைக்குப் போட்டோ எடுக்க. அங்கே இருந்தவர் மகள் பெயரைக் கூப்பிட்டார். மகள் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது. உங்க கொழந்தைதானா இது?"

"கூப்பிட்டா திரும்புற கொழந்தைக்கு இந்த அட்டை எதுக்கு சார்?" என்றாள் வீட்டுக்காரி.

அவர் டாக்டர் கொடுத்த காகிதத்தை ஒருமுறை படித்தார். பிறகு எழுந்து வந்து, தானே மகளின் முகத்தைக் கேமரா பக்கம் திருப்பிவிட்டார்.

பிறந்த நாளுக்குப் பதினோரு நாள் முன்னால் ஆபரேஷன் முடிந்தது. பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. இப்போது சத்தம் வந்தால் திரும்புகிறாள். சில சொல் சொல்கிறாள்.

போன பௌர்ணமிக்கு விஏஓ மறுபடி டூட்டியில் வந்தார்.

"இன்னாய்யா, யாவாரம் ஜாஸ்தியா?"

பின்னால் உட்கார்ந்திருந்த மகள் அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை. காபியை ஊதிக்கொண்டிருந்தார்.

"ஜாஸ்திதான் சார்" என்றேன்.