படாத காலுக்கு ஒரு சிவப்பு அட்டை

டி.வி.யில் கால்பந்து ஆட்டத்தில் யாருக்காவது சிவப்பு அட்டை காட்டினால் போதும், எனக்கும் என் தங்கை கணவருக்கும் சண்டை வந்துவிடும். ஆட்டம் எந்த நாட்டில் நடக்கிறது, வெளியே போகிறவன் எந்தக் குழு என்பதெல்லாம் பொருட்டே இல்லை. நான் "அநியாயம்" என்பேன். அவர் "சரியாத்தான் குடுத்தான்" என்பார். அவர்களுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து இது நடக்கிறது.

"எங்கயோ எவனோ எவனையோ வெளிய அனுப்புறான். அதுக்கு எதுக்கு இங்க சோறு ஆறணும்?" என்று தங்கை சமையலறையிலிருந்து கேட்பாள். கேட்டுவிட்டு, ஆறிய சோற்றையே எங்களுக்குப் போடுவாள்.

கல்யாணத்துக்கு முன்பு அவர் எனக்கு வெறும் 'டா'. தாலுகா பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்ச். தாலி கட்டிய மறுநாள் அவர் 'வாங்க மாப்ள' ஆனார், நான் 'மச்சான்' ஆனேன். பழைய சிநேகிதனுக்கு 'ங்க' போட்டுப் பேசுவது புதுச் செருப்பு மாதிரி கொஞ்ச நாள் கடித்தது. பிறகு பழகிவிட்டது.

சண்டையின் வேர் வெட்டாற்றில் இருக்கிறது. கோடையில் ஆறு வறண்டால் மணல்தான் எங்கள் மைதானம். நாங்கள் தென்கரை ஊர், அவர்கள் வடகரை ஊர். மூங்கில் நட்டு கோல் போஸ்ட், சாம்பலைத் தூவி எல்லைக்கோடு. பக்கத்து ஊர்ப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் ரெஃப்ரி. கடையில் வாங்கிய அட்டைகள் எதுவும் அவரிடம் கிடையாது. மஞ்சளுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகையின் உறை, சிவப்புக்கு ஏதோ கட்சிக் கூட்டத்துத் துண்டுப் பிரசுரம். அவர் மஞ்சள் அட்டை காட்டினால் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பது போலவே இருக்கும். இன்றைக்கு வீட்டில் எவ்வளவு பெரிய டி.வி. இருந்தாலும், சாயங்கால வெயிலில் சுடுமணல் ஆறிக்கொண்டிருக்க, வெறுங்காலோடு பந்தைத் துரத்திய அந்த சுகத்துக்கு ஏங்கத்தான் செய்கிறேன்.

ப்ளஸ் டூ முடித்த கோடையில் இரண்டு கரைகளுக்கும் இறுதி ஆட்டம். திருச்சியிலிருந்து ஒரு கல்லூரியின் கோச் வந்து கரைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு சீட் இருக்கிறது, எங்களில் ஒருவனைத்தான் எடுப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒருவன் வடகரைக்காரன், அதாவது இன்றைய மாப்பிள்ளைதான் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இல்லை. என்னைவிட அவன் நல்ல ஆட்டக்காரன். இதை இன்று எழுதும்போதும் கொஞ்சம் வலிக்கிறது.

இரண்டாம் பாதியில் பந்தோடு ஓடினேன். பக்கவாட்டிலிருந்து அவன் பாய்ந்து வருவது தெரிந்தது. அந்த நேரம் என் வலது கால் மணலுக்குள் இறங்கியது. ஊர்ப் பெண்கள் குடிநீருக்குத் தோண்டி, பாதி மூடிப்போன ஊற்றுக் குழி அது. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். எனக்கு மீசையே சரியாக முளைத்திருக்கவில்லை, வாய் நிறைய மண். அப்படியே காலைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று அலறினேன். குழி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து துண்டுப் பிரசுரத்தை எடுத்தார்.

அவன் ஒரு வார்த்தை பேசாமல் கரையேறிப் போனான். மீதி ஆட்டத்தில் நான் இரண்டு கோல் போட்டேன்.

மறுநாள் டீக்கடையில் இரண்டு கரைக்காரர்களும் கூடிவிட்டார்கள். கால் பட்டதா படவில்லையா என்பதுதான் வழக்கு. என்னைக் கேட்டார்கள். "பட்டுச்சு" என்றேன். அவனைக் கேட்டார்கள். டீயைக் குடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஆட்டத்தை மறுபடி வைப்பதென்று முடிவானது. அதற்குள் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் வந்து, மைதானமே ஆற்றுக்குள் போய்விட்டது.

சீட் எனக்குக் கிடைத்தது. படிப்பு, பிறகு வங்கி வேலை, தஞ்சாவூரில் வீடு. அவன் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போய், சம்பாதித்துத் திரும்பி, அறுவடை மெஷின் வாங்கி ஓட்டினான். என் தங்கையைக் கேட்டு வந்தபோது வீட்டில் அவனுக்காக அதிகம் பேசியவன் நான்தான். பாதி சிநேகிதம், பாதி குற்ற உணர்ச்சி. தங்கையிடம் இதைச் சொன்னதில்லை.

அதனால்தான் எந்தச் சிவப்பு அட்டையைப் பார்த்தாலும் எனக்கு ஆவேசம் வரும். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நானே கத்திக்கொண்டிருந்திருக்கிறேன், இத்தனை வருஷமும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவனுக்குச் சிவப்பு. அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே நடந்தான். பிறகு ரெஃப்ரி ஓரத்தில் இருந்த திரையில் அதை மறுபடி பார்த்தார். கையால் அழிப்பது போல் சைகை காட்டி, போனவனைத் திரும்ப அழைத்தார்.

"மொதல்ல குடுத்ததுதான் சரி" என்றார் மாப்பிள்ளை, வழக்கம்போல.

போனவனைத் திரும்பக் கூப்பிட முடிகிறது. வெட்டாற்றில் திரை இல்லை, நடந்ததைச் சொல்ல நான் ஒருவன்தான் இருந்தேன்.

"மாப்ள, அன்னைக்கு ஆத்துல உங்க கால் என் மேல படல. ஊத்துக் குழியில கால் மாட்டி விழுந்தேன். பொய் சொல்லி உங்க சீட்டை எடுத்துக்கிட்டேன்."

அவர் ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"படலன்னு எனக்குத் தெரியாதா? என் கால்தானே அது."

"அப்புறம் ஏன் டீக்கடையில வாயத் தொறக்கல? ஏன் இத்தனை வருஷமா ரெஃப்ரி பக்கமே பேசுறீங்க?"

அவர் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"கோச் அன்னைக்கு முழுக்க உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு. நோட்டுல ஏதோ எழுதுறாரு, என்னைத் திரும்பியே பாக்கல. நான் பந்துக்கு வரல. உன் முட்டியை உடைக்கணும்னுதான் வந்தேன். ஒரு நொடி முந்தி நீ விழுந்துட்ட. மாஸ்டர் என் காலைப் பாக்கல, என் மூஞ்சியைப் பாத்தாரு."

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தக் கார்டு வரலன்னா, அடுத்த பந்துக்கும் வந்திருப்பேன்டா."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து 'டா' கேட்டது அன்றுதான். உள்ளேயிருந்து தங்கை, "என்ன, இன்னைக்கு ஒரு சத்தத்தையும் காணோம்? சோறு போடவா?" என்றாள். நான் எழுந்தேன். வலது முட்டி எந்த வலியும் இல்லாமல் மடங்கி நிமிர்ந்தது.