மூன்றாவது உலக்கை

எங்கள் வீட்டில் பதினொரு பேர். சமைக்கிற குசினியிலோ இரண்டு பேர் நின்றாலே தோள் முட்டும். அதனால் குருக்கள்மடத்தில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டின் பின்சுவரை உடைத்து, குசினியைப் பெருப்பித்தோம். புதுத் தரைக்கு நிலத்தைத் தோண்டிப் பார்க்கவேண்டும் என்றார் மேசன். பால் காய்ச்ச நாள் பார்த்துவிட்ட அவசரத்தில், "தேவையில்ல, மேலால கொங்கிறீட் போடுங்க" என்றேன் நான்.

குடிவந்த பிறகு ஒரு காலை நானும் என் கணவரின் தங்கையும் புதுக் குசினியில் ஒரே உரலில் மாறி மாறி மா இடித்தோம். திடீரென்று அவள் உலக்கையை நிறுத்தினாள்.

"மச்சாள், நாம ரெண்டு பேர்தானே இடிக்கிறம்? மூணாவதா ஒரு இடி கேக்குது."

"ஓம், எனக்கும் கேக்குது" என்றேன். எங்கள் இரண்டு இடிக்கும் பிறகு, காலடியில், சற்றுத் தாமதமாக இன்னொன்று.

பயத்தில் உரலை முற்றத்துக்கு உருட்டினோம். அன்று பின்னேரம் உரல் இருந்த இடம் அப்படியே உள்ளே இறங்கியது. கீழே, உக்கிய பலகையால் மூடிய பழைய கிணறு, கறுத்த தண்ணீர். இரவில் பதினொரு பேரும் வட்டமாக இருந்து சாப்பிடுவது அந்த இடத்தில்தான்.

கிணற்றை மண்ணால் நிரப்பிவிட்டோம். இப்போது எந்த வேலைக்கும் முதலில் நிலத்தைத் தோண்டிப் பார்க்கிறேன். மா இடிப்பது முற்றத்தில்தான். ஆனாலும் இரண்டு இடி விழுந்ததும் என் கை தானாக நிற்கிறது, மூன்றாவதற்கு இடம் விட்டு.