மேசையில் முதலில் வைக்க வேண்டிய சீட்டு

அந்தச் சீட்டில் ஒரு கிழவன் இருப்பான். நியான் விளக்கு எரியும் சந்தில், உடைந்த கம்ப்யூட்டர்களுக்கு நடுவே, ஒரு கண்ணுக்குப் பதில் லென்ஸ் வைத்துக்கொண்டு இளித்துக்கொண்டிருப்பான். அவன் பெயர் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாக இருந்தது. நாங்கள் பழைய சாமான்காரன் என்றே சொன்னோம். வரைந்தவன் கெட்டிக்காரன், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சீட்டை நினைத்தாலே எனக்குக் குமட்டும். அதற்குக் காரணம் கிழவன் இல்லை, அவனை வைத்து ஆடிய எங்கள் மெர்ச்சண்டைசர் சார்.

இரண்டாயிரத்துகளின் நடுவில், அருள்புரத்தில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் டிசைன் செக்‌ஷனில் இருந்தேன். டி-சர்ட்டில் அச்சாகும் படங்களைக் கம்ப்யூட்டரில் நிறம் நிறமாகப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. வெளிநாட்டு பையர் ஒருவர், ஒரு சீட்டு விளையாட்டின் படங்களை வெள்ளை டி-சர்ட்டில் கறுப்பாக அடித்துத் தரச் சொன்னார். படங்களின் போக்கு பிடிபடட்டும் என்று விளையாட்டுப் பெட்டியையே விட்டுப் போனார். ஆர்டரைக் கவனித்த மெர்ச்சண்டைசர் சார் ஊத்துக்குளிப் பக்கம் தோட்டம் துரவு உள்ளவர். விதிப் புத்தகத்தை இரண்டே நாளில் கரைத்துக் குடித்துவிட்டார். மதியச் சாப்பாடு முடிந்ததும் சாம்பிள் ரூம் மேசையில் அவரும் நானும் உட்கார்ந்துவிடுவோம்.

ஆட்டம் எதிர்காலத்து நகரம் ஒன்றில் நடக்கும். ஒருவர் பெரிய கம்பெனி. மற்றவர் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து திருடும் ஆள். ஆட்டத்துக்கு ஆட்டம் நாங்கள் பக்கம் மாறிக்கொள்வோம். திருடுகிறவருக்குக் கருவிகள் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என்று விலை உண்டு. பழைய சாமான்காரனை மேசையில் இறக்க மூன்று புள்ளி ஆகும். இறக்கிவிட்டால் அப்புறம் வாங்குகிற ஒவ்வொரு கருவியிலும் இரண்டு புள்ளி குறையும். நான் இருக்கிற புள்ளிக்கெல்லாம் கருவி வாங்கிவிட்டு, கை வறண்ட பிறகு அவனைத் தேடுவேன். சார் சிரிப்பார்.

"ஏனுங்க, பந்தி முடிஞ்சப்புறம் சமையக்காரரைக் கூப்புட்டு என்னங்க பண்றது? மொதல்ல இவனை எறக்கோணுங்க. ரெண்டு சாமான் வாங்குனாப் போட்டது வந்துருமுங்க. மூணாவதுல இருந்து அத்தனையும் நமக்குத்தானுங்க."

சரியான கணக்குதான். அதோடு நிறுத்தியிருந்தால் அவரை நல்ல ஆட்டக்காரர் என்று மட்டும் நினைவு வைத்திருப்பேன். ஆனால் அந்தச் சீட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கம்பெனியாக ஆடுபவர் திருடனுக்குக் குறி வைக்கலாம். குறி விழும்போது சாமான்காரன் மேசையில் இருந்தால் அவனோடு நம் கையிலுள்ள சீட்டுகளும் போய்விடும். அந்த வாசனை சாருக்கு எப்படித்தான் தெரியுமோ, சரியாக ஒரு சுற்று முன்னால் கிழவனை விரலால் சுண்டித் தள்ளிவிடுவார். "வாங்க வேண்டியதெல்லாம் வாங்கியாச்சுங்க. அவங்க தூக்கறதுக்குள்ள நாமளே தூக்கிப் போட்ரோணும்." நான் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. வாளிகளில் மீந்து கிடக்கும் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாவற்றையும் கலந்து நல்ல கறுப்பு எடுத்துவிடுவார். புதிதாகக் கறுப்பு மை வாங்கவே வேண்டாம். வேறொரு யூனிட்டில் இருந்தவரைக் கம்பெனிக்குப் பின்னால் ஒரு லைன் வீடும் கொடுத்து அழைத்து வந்தது சார்தான். அதன்பின் ஒவ்வொரு ஆர்டரிலும் மைச் செலவு குறைந்தது, முதலாளியிடம் சாருக்குப் பேரும் ஏறியது.

இந்தச் சீட்டுப்பட ஆர்டர் ஓட வேண்டிய நாளில் அண்ணாச்சி ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு சாம்பிள் ரூமுக்கே வந்தார். நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். வேறு யாரும் இல்லை.

"சார், இது பொங்கலுக்கு முந்தி கலக்குனது. துணியில மையைப் பிடிச்சு வைக்கிற பைண்டர் செத்துப்போச்சு. துவைச்சா நிக்காது பாத்துக்கிடுங்க. புதுசு வாங்கித் தாங்க."

சார் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க அண்ணாச்சி. நீங்க ஓட்டுங்க."

ஓட்டினார். பையர் வந்தபோது கண்ணெதிரிலேயே ஒரு டி-சர்ட்டைத் துவைத்துக் காட்டச் சொன்னார். வெளியே வந்தது அடுப்படிக் கரித்துணி. யார் பொறுப்பு என்று கேட்டார். சார் அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை. மாஸ்டர் தன்னைக் கேட்காமல் பழைய மையைக் கலந்துவிட்டார், இன்றோடு அவரை நிறுத்திவிட்டோம் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பி, "நாளைக்கு ஊட்டைக் காலி பண்ணிக்குங்க அண்ணாச்சி" என்றார். அந்த 'ங்க'வை நினைத்தால் இப்போதும் காதைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது. ஒரு மனிதனைத் தெருவில் நிறுத்தும்போதுகூட மரியாதை குறையவில்லை.

அண்ணாச்சியின் மகள் அந்த வருடம் பத்தாம் வகுப்பு. பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. "பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் சார்" என்றார். சார் ஜன்னலைப் பார்த்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க கூட இருந்தீயள்லா? நான் சொன்னேனா இல்லியா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அறையில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். உண்மையைச் சொன்னால் சார் என்னையும் விட்டுவைக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

"எனக்கு நெனப்பில்லீங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆமா, விளையாட்டு மும்முரத்துல காதுல விழுந்திருக்காது" என்று எனக்கு ஒரு சாக்கையும் அவரே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை லைன் வீடு காலியாக இருந்தது. அந்தப் பெண் பரீட்சை எழுதினாளா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க எனக்கு முகம் ஏது?

இப்போது பல்லடம் ரோட்டில் எனக்கே ஒரு டிசைன் ஆபீஸ் இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்களிடம் மெர்ச்சண்டைசர் சாரைப் பற்றிப் பேச்சு வந்தால் காறித் துப்புவதுபோல்தான் பேசுவேன். இப்படியும் ஒரு ஜென்மமா என்று அவர்களும் முகத்தைச் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பு எனக்கு ருசியாக இருக்கும். லைன் வீடு காலியானது வரைக்கும்தான் சொல்வேன். அன்று மதியம் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்று சாப்பாடு முடிந்ததும் சார் வழக்கம்போல் சாம்பிள் ரூம் மேசையைத் துடைத்துச் சீட்டைக் கலைத்துப் போட்டார். தலைவலி என்று சொல்லி எழுந்து போயிருக்கலாம். நான் உட்கார்ந்தேன். முதல் முறையிலேயே சாமான்காரன் கைக்கு வந்தான். உடனே இறக்கினேன். நான்கு கருவிகளை அடுத்தடுத்து மலிவாக வாங்கினேன். சார் குறி வைக்கப் போகிறார் என்று தெரிந்ததும், ஒரு சுற்று முன்னால், விரலால் சுண்டி அவனைத் தள்ளிவிட்டேன். அவரை நான் ஜெயித்தது அதுதான் முதல் தடவை.

"இப்பத்தானுங்க உங்களுக்கு ஆட்டம் புடிபட்டிருக்குது" என்று சார் கை கொடுத்தார்.

கையைப் பிடித்துக் குலுக்கினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.